கட்டக் கடைசி யாரு?

எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் அவருடைய கண் முதலில் கடைசி ஆளைத்தான் தேடும். கல்யாணப் பந்தியோ, பேருந்து நிறுத்தமோ, எங்கள் அலுவலகத்தின் ஆண்டு ஆய்வுக் கூட்டமோ, எதுவானாலும் சரி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்: “இதுல கட்டக் கடைசி யாரு, சொல்லுங்க பாப்போம்?” பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அவரே சொல்லிவிடுவார். ஒரு முறை கூடத் தவறியதாக எனக்கு நினைவில்லை.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அது அவர் போட்ட நிபந்தனை. “ரிட்டயர் ஆனா நீங்க சும்மா இருக்க மாட்டீங்க சார், எதனா எழுதுவீங்க. எழுதுனா எம்பேரப் போடாதீங்க. பேரப் பாத்ததுமே எந்தத் தெரு, எந்த ஆளுன்னு வரிசை போட ஆரம்பிச்சிடுவானுங்க.” நிபந்தனைகளை மதித்தே முப்பத்தைந்து வருடம் சம்பளம் வாங்கியவன் நான். இதையும் மதிக்கிறேன்.

புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நான் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். விஞ்ஞானிகள் உண்மையைத் தேடினார்கள். தேடுவதற்கு முன் அனுமதி வாங்கினார்களா என்று நான் பார்த்தேன். கட்டடத்தின் பின்புறம், வேப்பமரங்களுக்கு அடியில், செம்முகக் குரங்குகளின் கூண்டுகள் வரிசையாக இருந்தன. வடக்கேயிருந்து வந்த குரங்குகள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிகப் பணியாளரான அம்மாள் அவர். வீராம்பட்டினத்துக்காரர். விடியற்காலையில் கரையில் மீன் ஏலத்தில் நின்றுவிட்டு, குளித்து, பேருந்து பிடித்து, எட்டு மணிக்குக் கூண்டுக்கு வந்துவிடுவார். எங்கள் நிலையத்தின் பணியாளர் பட்டியலில் கடைசிப் பக்கத்தின் கடைசி வரி அவருடையது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவன் நான் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அவரை நான் கவனிக்கத் தொடங்கியது ஒரு தேநீர் நேரத்தில். தலைமையகத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்திருந்தார். அன்று உதவியாளர் விடுப்பு. ஆகவே கூண்டிலிருந்து இவரை அழைத்துத் தட்டைக் கையில் கொடுத்தோம். தேநீரைக் கொடுத்து முடித்ததும் கதவோரம், என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“சார், இந்தக் கூட்டத்துல கட்டக் கடைசி யாரு தெரியுமா? அந்த நீலச் சட்டைக்காரரு.”

“அவர் டைரக்டருக்கு அடுத்த ஆளும்மா,” என்றேன் மெதுவாக. “பணிமூப்புப் பட்டியலப் போட்டதே நான்தான்.”

“பட்டியல வுடுங்க. இதுவரைக்கும் நாலு தடவ பல்லக் காட்டிட்டாரு. யாரும் ஒரு தமாசும் பேசல. அவருக்கு வவுத்துல புண்ணு இருக்கும், வேணும்னா கேட்டுப் பாருங்க.”

கேட்க வேண்டிய அவசியம் இல்லை. போன மாதம்தான் அவருடைய குடல்புண்ணுக்கான மருத்துவச் சான்றிதழைக் கோப்பில் சேர்த்திருந்தேன். நான் திரும்பிப் பார்த்தேன். இந்த அம்மாள் காலித் தம்ளர்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “நீங்க ரெண்டு தடவ.”

அவருடைய கணக்கு கூண்டிலிருந்து வந்தது. குரங்கு பல்லைக் காட்டினால் அது சிரிப்பு இல்லை, பயம். பெரிய குரங்கு பக்கத்தில் வந்தால் சின்னது உதட்டை இரண்டு பக்கமும் இழுத்து, பல் அத்தனையும் தெரியக் காட்டும். நான் உனக்குக் கீழ், அடிக்காதே என்று அர்த்தம். பெரியது பதிலுக்குக் காட்டாது. அப்படி ஒரு குரங்கு இருப்பதையே கவனிக்காதது போல் வேறு பக்கம் பார்க்கும். டைரக்டர்கள் சன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்ப்பது ஏன் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

கூண்டுக்குள் தீனி போடுவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. வேர்க்கடலையை இந்தப் பக்க மூலையில் வீசுவார். மேலே இருப்பவை பாய்ந்து ஓடும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் சுற்றிப் போய், கம்பியோரம் ஒதுங்கியிருக்கும் கடைசிக் குரங்குக்கு ஒரு கைப்பிடி நேராகக் கொடுப்பார். “மேல இருக்கறதுக்கு நா போட வேணாம் சார். அது எப்படியும் எடுத்துக்கும்,” என்பார்.

குரங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்தவர் விழுப்புரம் பக்கத்து இளம் பெண். நாங்கள் டாக்டரம்மா என்போம். கூட்டத்தில் ஒரு குரங்கின் இடம் அதன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை என்ன செய்கிறது என்பது அவருடைய கேள்வி. எனக்குப் புரியும்படி ஒருநாள் விளக்கினார்: “கடைசில இருக்கற குரங்கோட உடம்பு ஒரு தீயணைப்பு நிலையம் மாதிரி சார். எந்நேரமும் அபாய மணி அடிச்சிக்கிட்டே இருக்கும். ஆனா நெஜமா தீப்பிடிச்சா வண்டி கெளம்பாது.” மணி ஓயாமல் அடிப்பதால் உடம்புக்குள் வீக்கமும் எரிச்சலும். வண்டி கிளம்பாததால் சாதாரணக் கிருமியைக்கூடச் சமாளிக்க முடிவதில்லை. தீனி ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான், கூண்டு ஒன்றுதான். இடம் மட்டும் வேறு.

“சரி, இடம் எப்படித் தீர்மானமாகுது?” என்றேன்.

“ஒண்ணையொண்ணு முன்னப்பின்ன பாக்காத குரங்குகளா எடுத்துப் புதுக் கூண்டுல ஒவ்வொண்ணா விட்டா, பெரும்பாலும் உள்ள போற வரிசைதான் சார். மொதல்ல போனது மேல, கடைசியா போனது கீழ.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பணியில் சேர்ந்த தேதி! ஒரே தேதியில் சேர்ந்தவர்களில் முற்பகலில் சேர்ந்தவர் மூத்தவர், பிற்பகலில் சேர்ந்தவர் இளையவர் என்று அதே மாதம்தான் நான் ஒரு தகராறைத் தீர்த்து வைத்திருந்தேன். குரங்குகள் எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் அந்த விதியைக் கடைப்பிடித்து வந்திருக்கின்றன.

இந்த விளக்கத்தின்போது கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு என்னிடம் வந்தார். “சார், ஒண்ணு கேக்கட்டுமா? டிரைவரு எனக்கு அப்புறம் வேலைக்கு வந்தவரு. அவர நீங்க ‘நீங்க’ன்றீங்க. என்னிய ‘நீ’ன்றீங்க. கொரங்கு சட்டப்படி மாத்தி இல்ல வரணும்?”

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் மூன்று கூண்டுகள் கலவரமாயின. மறுநாளிலிருந்து நான் அவரை ‘நீங்க’ என்று அழைத்தேன். “பழக்கமில்லாத சட்ட மாதிரி குத்துது சார், இருந்தாலும் பரவால்ல,” என்றார்.

ஒரு விஷயம் மட்டும் டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்குள் அடங்கவில்லை. நிலையத்தின் கடைசி வரியில் இருந்த இந்த அம்மாளுக்கு ஒரு நாளும் உடம்புக்கு வந்ததில்லை. விடுப்புப் பதிவேடு என் மேசையில்தான் இருக்கும். தும்மலுக்குக்கூட ஒரு நாள் எடுத்ததில்லை. என்னுடைய பக்கமோ மருத்துவ விடுப்பால் நிரம்பி, பின்னால் தாள் ஒட்டப்பட்டிருந்தது. வாய்ப்புண், சளி, மறுபடி வாய்ப்புண். புதிய டைரக்டர் வந்த வருடம் தனித் தாள்.

டாக்டரம்மா விளையாட்டாகக் கேட்டார்: “அக்கா, உங்க ரத்தத்த ஒரு சொட்டு குடுங்க, பாத்துடுவோம்.”

“எடுத்து இன்னா பண்ணுவ கண்ணு? கொரங்குக்கு ஒரே கூண்டு. எனக்கு எத்தினி கூண்டுன்னு உனக்குத் தெரியுமா?”

அதற்கு மேல் விளக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அது புரிய வெகுநாள் ஆனது.

இனி பதினேழாம் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரங்குகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது, எண் மட்டுமே என்பது விதி. இரண்டாம் கூண்டின் கடைசிக் குரங்கு பதினேழு. மெலிந்த பெண் குரங்கு. மற்றவை ஒன்றுக்கொன்று மயிரை விலக்கிப் பேன் பார்த்துக்கொண்டு மதிய வெயிலில் கண்ணை மூடிக் கிடக்கும். பதினேழுக்கு யாரும் பார்ப்பதில்லை. அது எல்லோருக்கும் பார்க்கும்.

ஒரு நாள் டாக்டரம்மா குழப்பத்தோடு வந்தார். பதினேழின் ரத்தம் கடைசிக் குரங்கின் ரத்தம் போல் இல்லை, நடுவில் இருக்கும் குரங்கின் ரத்தம் போல் இருக்கிறது. மூன்று முறை பார்த்தாயிற்று. கருவி பழுதா என்று கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் வரைந்து தந்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது. ஒரு மதியம் நான் எதற்கோ பின்பக்கம் போனபோது காரணத்தைக் கண்டேன். இவர் கம்பியோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். கம்பிக்கு அந்தப் பக்கம் பதினேழு முதுகைக் காட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, சொர்க்கத்தில் இருந்தது. இவர் பிரஷால் மயிரைக் கோதிக்கொண்டே வீராம்பட்டினத்துச் செய்திகளை அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எத்தினி நாளா நடக்குது இது?”

“தெனம் அரை மணி நேரம் சார். சாப்பாட்டு நேரத்துலதான். ஆபீசு நேரத்துல இல்ல.”

ஆராய்ச்சித் தரவைக் கெடுத்த குற்றம். குறிப்பாணை கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுத்தேன். மூன்று நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தேவை. அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். குற்றம் சாட்டுபவரே விளக்கத்தையும் எழுதக் கூடாது என்று விதி எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். விளக்கம் இவ்வளவுதான்: “பதினேழுக்கு யாரும் பேன் பார்க்கவில்லை. அதனால் நான் பார்த்தேன். இனிமேல் பார்க்க மாட்டேன். ஆனால் யாராவது பார்க்க வேண்டும்.” கடைசி வாக்கியம் தேவையா என்று கேட்டேன். “அதான் சார் வெளக்கம். மத்ததெல்லாம் சும்மா,” என்றார். ‘விளக்கம் ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கோப்பை மூடினேன்.

பிரஷ் நின்றது. ஒரே மாதத்தில் டாக்டரம்மா எதிர்பார்த்தபடி ரத்தம் மாறிவிட்டது. அதோடு நிற்கவில்லை. கூண்டின் தலைவி ஒரு நாள் பதினேழின் முன்கையைக் கடித்தது. சாதாரணக் காயம். மற்றக் குரங்குகளுக்கு அது பத்து நாளில் ஆறிவிடும். பதினேழுக்கு ஆறவில்லை. தனிக்கூண்டில் வைத்து மருந்து போட்டார்கள். ஓரம் மூடும், மறுபடி பிளக்கும். எடையும் இறங்கிக்கொண்டே வந்தது. மிருக வைத்தியர் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதினார்: அடுத்த மாதம் முதல் புதன்கிழமைக்குள் காயம் மூடி எடை ஏறாவிட்டால், விலங்கை மேலும் துன்பப்படுத்தாமல் ஊசி போட்டுவிடலாம்.

அன்று அவர் என் அறைக்கு வந்தார். வழக்கமாகக் கதவருகே நிற்பவர், மேசை வரை வந்தார்.

“நானு பிரஷ்ஷ எடுத்தேன், அது தேறிச்சி. வெச்சிட்டேன், வுழுந்துடுச்சி. எங்கையாலதான் சார் போவப் போவுது.”

“அப்படியெல்லாம் இல்லம்மா. நீங்க விதிப்படி நடந்தீங்க.”

“அதத்தான் சொல்றேன்.”

அவரை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அங்கே ஒரு வழி இருந்தது. ஆராய்ச்சியின் இரண்டாம் கட்டம் வரவிருந்தது. கூண்டுக்கு ஒன்றாகக் குரங்குகளை எடுத்துப் புதுக் கூண்டில் புதுக் கூட்டம் அமைக்க வேண்டும். இடம் மாறினால் ரத்தமும் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. அப்படியானால் கடைசிக் குரங்கை முதலில் விட்டுப் பார்ப்பதே பொருத்தம். டாக்டரம்மா தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த வரிசையில் பதினேழு முதலாவது. அது உள்ளே போக வேண்டிய நாள் சனிக்கிழமை. ஊசிக்கு அதன் பிறகு ஏறத்தாழ நான்கு வாரம் இருந்தது. இவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, தாளைக் கைகளால் வழித்துத் தன் தலையோரம் நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தார்.

தாள் என் அலுவலகத்துக்கு வந்தது. இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் அலுவலகத்திலிருந்து எந்தப் பட்டியல் வெளியே போனாலும் எண் வரிசைப்படிதான் போக வேண்டும். சிறிய எண் மேலே, பெரிய எண் கீழே. இது நான் பிறப்பித்த நிலையாணை. நாற்காலிப் பட்டியலுக்கும் அதுதான், குரங்குப் பட்டியலுக்கும் அதுதான். தட்டச்சு செய்தவர் விசுவாசமாக வரிசையை மாற்றிவிட்டார்: மூன்று, ஒன்பது, பதினொன்று, பதினான்கு, பதினேழு. ‘கீழ்க்கண்ட வரிசையில் விலங்குகள் கூண்டில் விடப்பட வேண்டும்’ என்று மேலே ஒரு வரி. நான் படிக்காமல் சுருக்கொப்பமிட்டேன். டைரக்டர் நான் படித்திருப்பேன் என்ற நம்பிக்கையில் கையெழுத்திட்டார். அன்று மாலையே மூன்று வாரத்துக்கு வெளிநாடு போய்விட்டார்.

கண்டுபிடித்தவர் இவர்தான். ஆணையின் நகல் கூண்டுக்கு வந்ததும், வழக்கப்படி கடைசியிலிருந்து படித்திருக்கிறார். முதல் வரியிலேயே பதினேழு.

“சார்! இதுலயும் அது கட்டக் கடைசி!”

நான் பார்த்தேன். காது சூடானது. திருத்தாணை போட வேண்டுமென்றால் டைரக்டர் கையெழுத்து வேண்டும். பொறுப்பு டைரக்டர் நம் நீலச் சட்டைக்காரர். விஷயத்தை விளக்கினேன். அவர் பல்லைக் காட்டினார். கையெழுத்துப் போடவில்லை. “டைரக்டர் வந்து பாத்துக்கட்டுமே,” என்றார். ஆணையை மீறினால் தரவு செல்லாது, தற்காலிகப் பணியாளருக்கு வேலையும் போகும்.

“அப்ப அவ்ளோதானா?” என்றார் இவர். “பதினேழு உள்ள போறப்ப மேல நாலு பேரு ஒக்காந்திருக்கும். பழைய கூண்டே தேவல.”

நான் ஒரு மணி நேர அவகாசம் கேட்டேன். அறையைச் சாத்திக்கொண்டு விதிப் புத்தகங்களை எடுத்தேன். முப்பத்தைந்து வருடத்தில் விதிகளை நான் எத்தனையோ முறை ஒருவரைத் தடுக்கத் தேடியிருக்கிறேன். ஒன்றை உள்ளே விடுவதற்காகத் தேடியது அன்றுதான். கிடைத்தது, கட்டடப் பராமரிப்புப் பிரிவில். புதிதாகக் கட்டப்பட்ட எந்தக் கூண்டும் உபயோகத்துக்கு வருமுன், தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய், வடிகால் ஆகியவை சரியாக இருப்பதைச் சோதிக்க, குறைந்தது மூன்று நாள் ஒரு விலங்கை அதில் வைத்துப் பார்த்துச் சான்று பெற வேண்டும். எந்த விலங்கு என்று விதியில் இல்லை. எதை வைப்பது என்பது நிர்வாக அதிகாரியின் விருப்பம்.

புதன் காலை பதினேழு புதுக் கூண்டுக்குள் சோதனை விலங்காகப் போனது. டாக்டரம்மாவிடம் முன்கூட்டியே சொன்னேன். “நான் எழுதிக் குடுத்ததும் அதான சார். மத்த நாலும் எந்த வரிசைல போனாலும் எனக்குச் சரிதான்,” என்றார். கோப்பில் எழுதினேன்: ‘பதினேழு ஏற்கெனவே உள்ளே இருப்பதால், அதை ஐந்தாவதாக மீண்டும் உள்ளே விட வேண்டிய தேவை எழவில்லை. டைரக்டர் திரும்பியதும் பின்னேற்பு பெறப்படும்.’ என் பணிக்காலத்தில் நான் எழுதிய சிறந்த வாக்கியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. டாக்டரம்மா கையில் குறிப்பேடு. நான் டை கட்டிக்கொண்டு. இவர் கதவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. பதினேழு மேல் பலகையில், புண்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்று நாள் அந்தக் கூண்டு முழுக்க அதனுடையது. முதலில் விடப்பட்டது மூன்று. அது நான்காம் கூண்டின் ராணி. தோள் அகலம். நடையிலேயே உத்தியோகம் தெரியும்.

மூன்று உள்ளே வந்து நடுவில் நின்றது. நாலாபக்கமும் பார்த்தது. பிறகு மேலே பார்த்தது.

பதினேழின் உதடு துடித்தது. பழக்கதோஷம். வாழ்நாளெல்லாம் எந்த முகத்தைப் பார்த்தாலும் பல்லைக் காட்டியே பிழைத்த குரங்கு. இப்போது ஒரு தரம் காட்டிவிட்டால் தீர்ந்தது. மறுபடி கடைசி, மறுபடி ஆறாத காயம், அடுத்த மாதம் ஊசி.

“காட்டாதடீ,” என்றார் இவர், கயிற்றை இறுக்கிக்கொண்டு. “வாய மூடுடி. அது இன்னிக்கு வந்தது, நீ புதங்கெழமயே வந்தவ. மூடுடி என் ராசாத்தி.”

உதட்டின் ஒரு ஓரம் மேலே ஏறியது. ஒரு பல் தெரிந்தது. என் வாய் தன்னால் இறுக மூடிக்கொண்டதை உணர்ந்தேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அப்போது பதினேழு செய்த காரியத்தை நான் பல டைரக்டர்களிடம் பார்த்திருக்கிறேன். அது முகத்தைத் திருப்பி வேப்பமரத்தைப் பார்த்தது.

மூன்று கொஞ்ச நேரம் நின்றது. பலகையின் கீழ் வந்து உட்கார்ந்தது. அண்ணாந்து, உதட்டை இரண்டு பக்கமும் இழுத்து, முப்பத்திரண்டையும் காட்டியது.

“ஆத்தா மகமாயி!” என்று இவர் போட்ட சத்தத்தில் பொறுப்பு டைரக்டர் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினோம், சந்தோஷத்தில்.

மதியத்துக்குள் மூன்று மேலே ஏறிப் பதினேழுக்குப் பேன் பார்க்கத் தொடங்கியது. ஒருவர் தன் முதுகைக் கோதுவது பதினேழுக்குப் புதிதல்ல, குரங்கு கோதுவதுதான் புதிது. இரண்டாம் வாரம் காயத்தின் ஓரம் மூடியது. மூன்றாம் வாரம் பிளக்கவில்லை. முதல் புதன்கிழமை மிருக வைத்தியர் வந்து பார்த்து, ஊசியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, எங்கள் மருந்து நல்ல மருந்து என்று பாராட்டிவிட்டுப் போனார். ரத்தமும் மாறியிருந்தது. மணி ஓய்ந்துவிட்டது என்றார் டாக்டரம்மா.

கதையை இங்கே முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் பதினேழு அடுத்த மாதமே கடிக்க ஆரம்பித்துவிட்டது. கடைசியாக வந்த பதினான்கைத் தீனிப்பக்கம் விடுவதே இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. இத்தனை விதிகளைத் தேடிக் காப்பாற்றியவனுக்கு ஒரு நன்றி வேண்டாமா?

“மேல போனா கடிக்கும்தான் சார். அது கொரங்கு,” என்றார் இவர், கொஞ்சமும் அதிராமல். ரத்தம் எடுக்கும் காலம் முடிந்த மறுநாள் மதியம் பின்பக்கம் போனேன். கம்பியோரம் சம்மணம் போட்டிருந்தார். அதே பிரஷ். இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது பதினான்கு. மேல் பலகையிலிருந்து பதினேழு முறைத்தது. இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பதினேழுக்கு இனிமே ஊரே பாக்கும். இதுக்கு யாரு இருக்கா?”

என் பணி நிறைவு நாளில் மாலை, சால்வை, மேடையின் நடுவில் நாற்காலி எல்லாம் கிடைத்தன. அவர் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னிக்கு நீங்கதான் மொத ஆளு சார்,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “நாளைக்கு?” என்றார்.

அவர் கேட்ட அந்த ‘நாளைக்கு’ நான் கடற்கரைச் சாலைக்குப் போனேன். அங்கே ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. நடுவில் சொல்தா; பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து அந்த நாட்டு ஓய்வூதியம் வாங்குகிறவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவருக்கு வலப்பக்கம் ஒரு முன்னாள் நீதிபதி, இடப்பக்கம் ஒரு முன்னாள் பேராசிரியர். புதிதாகச் சேர்ந்த எனக்குக் குப்பைத்தொட்டியோரம் பெஞ்சின் விளிம்பு. அவர்கள் பேசுவார்கள். நான் தலையாட்டுவேன். சொல்தா ஒரே போர்முனைக் கதையை வாரம் இருமுறை சொல்வார். நான் சிரிப்பேன். ஆறு மாதத்தில் எனக்கு விலாவில் அக்கி கண்டது. எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, வயதாகிறதல்லவா என்றார் பெரியாஸ்பத்திரி மருத்துவர்.

அந்த ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போனேன். பெரிய மனிதர்கள் வடம் தொட்டுவிட்டுப் போன பிறகு, கூழ் ஊற்றும் இடத்தில் நீண்ட வரிசை. கடைசியில் நின்றேன். முன்னால் ஒரு கணீர்க் குரல்: “ஏய், அந்த அண்டாவ இப்பிடித் தள்ளு! கொழந்த வெச்சிருக்கறவள மொதல்ல வுடு! யாரது அங்க மோதுறது?” நான்கு பெண்கள் ஓடி ஓடி அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டார்கள். ஒரு போலீஸ்காரர்கூட ஒதுங்கி நின்றார். எட்டிப் பார்த்தால், நம் கடைசி வரி அம்மாள். எனக்கு முன்னால் நின்றவர் மரியாதையாகச் சொன்னார்: “கரையில ஏலம் கேக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் அவங்கதான் சார் பெரியவங்க. அவங்க சொல்லு இல்லாம ஒரு மீன் கூடை நகராது.”

எத்தனை கூண்டு என்று அவர் கேட்டது அப்போதுதான் புரிந்தது.

வரிசையை அவர் கண் கடைசியிலிருந்துதானே பார்க்கும். உடனே பார்த்துவிட்டார். கரண்டியை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

“இன்னா சார், மொகம் வாடிக் கெடக்குது. எந்தக் கூண்டுல போயி கடைசியா சேந்தீங்க?”

பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். சொல்தாவைப் பற்றி, குப்பைத்தொட்டியைப் பற்றி, அக்கியைப் பற்றி. இடுப்பில் கை வைத்துக் கேட்டார்.

“அவுங்க எத்தினி மணிக்கு வராங்க?”

“காலையில ஆறுக்கு.”

“நீங்க அஞ்சே முக்காலுக்குப் போங்க. நடுவுல ஒக்காருங்க. வரும்போது பல்லக் காட்டாதீங்க. கடல் இருக்குல்ல, அத்தப் பாருங்க.” பிறகு, கூழ்ச் சொம்பைக் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: “ஆனா பதினேழு மாதிரி ஆயிடாதீங்க.”

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. மகள் வீட்டோடு காரைக்காலுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அங்கே எந்தக் கரையை நடத்துகிறாரோ.

மறுநாள் ஐந்தே முக்காலுக்குப் போய் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குச் சொல்தா வந்தார். நின்றார். நான் கடலைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் தடியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டு, “போன்ழூர்,” என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, வரிசைப் பல் முழுவதும் தெரியச் சிரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மாதத்தில் அக்கி தழும்பாகிவிட்டது. மருத்துவர் தன் களிம்பைப் பாராட்டிக்கொண்டார்.

பிறகு சொல்தாவின் போர்முனைக் கதையை அவர் முடிக்குமுன் நான் குறுக்கிட ஆரம்பித்தேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது. சென்ற வாரம் பெஞ்சின் விளிம்பில், குப்பைத்தொட்டியோரம், ஒரு புது ஆள். மின்துறையில் இருந்து போன மாதம் ஓய்வு பெற்றவராம். நான் சொன்ன எதற்கும் சிரித்தார். ஒவ்வொரு சிரிப்புக்கும் பின்னால் ஓர் இருமல்.

எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நடுவிடத்துக்கு நீதிபதி நகர்ந்தார், நகரட்டும். கையில் பிரஷ் எதுவும் இல்லை. என்னிடம் இருந்ததைக் கொண்டுதான் ஆரம்பிக்க முடியும்.

“ஓய்வூதியப் படிவத்துல ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டேன்.

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தோள் இரண்டும் மெதுவாக இறங்கின. பிறகு, முதுகைத் திருப்பிக் காட்டாத குறையாக, என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஏழு சந்தேகங்கள் இருந்தன. அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தில் அவர் ஒரு முறைகூட இருமவில்லை.